தோரணம் கட்டிய தெருவுக்கு ஒரு சுற்றுச்சாலை

நேற்றுக் காலை தங்கா பத்துவில் என் வீட்டு வாசலைக் கடந்து ஒரு லாரி போனது. புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ஆலை எதற்கோ ஒட்டுப்பால் ஏற்றிப் போயிருக்க வேண்டும். ரப்பர் மரத்தின் வெட்டுக்காயத்தில் ஒட்டி உலர்ந்து, உரித்தெடுத்து, மூட்டையில் கட்டி நாலைந்து நாள் புழுங்கவிட்ட பாலின் வாடை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? செத்த எலியும் புளித்த தயிரும் மழைநாள் காலுறையும் ஒன்றாகக் குடித்தனம் நடத்துவது போல இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். நான் வெளியே வந்தேன். கடல்காற்று அந்த வாடையை அள்ளி என் முகத்தில் அப்பியது. லாரி வளைவில் மறையும்வரை நின்று முகர்ந்தேன். எனக்கு மறுபடி இருபத்துமூன்று வயதாகிவிட்டது.

சாலைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, கோப்பை எப்படிக் கட்டுவது, எந்தப் படிவம் எந்த மேசைக்குப் போகும் என்பதையெல்லாம் உங்கள் தலைமை எழுத்தர் சொல்லித்தந்துவிடுவார். எனக்கு அவை மறந்தும் போயின. மறக்காதது ஒன்று உண்டு. அரசாங்கத்திடம் ஒரு சாலைக்குப் பணம் கேட்டு, முதலில் கணக்காகத் தோற்று, பிறகு அழகாகத் தோற்று, கடைசியில் எப்படியோ பிழைத்த கதை.

எங்கள் ஊருக்கு ஒரே தெரு. பெயர் சொல்லவில்லை, அங்கே எனக்கு இன்னும் சம்பந்தி வீடு இருக்கிறது. நியாலாஸ் பக்கத்துத் தோட்டங்களின் ரப்பர் எல்லாம் அந்தத் தெரு வழியாகத்தான் மலாக்காவுக்கு இறங்கும். அது வெள்ளைக்காரர் ஆட்சி, எமர்ஜென்சி காலம். தெருவின் ஒரு முனையில் போலீஸ் கேட். காட்டுக்குள் ஒளிந்து சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, போகிற லாரி வருகிற லாரி எல்லாவற்றையும் நிறுத்தி, மூட்டைக்குள் இரும்புக் கம்பி விட்டுக் குத்திப் பார்ப்பார்கள். முதல் லாரி கேட்டில் நிற்கும். கடைசி லாரி தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் நிற்கும். பிள்ளைகள் லாரிக்கும் லாரிக்கும் நடுவில் புகுந்து புகுந்து பள்ளிக்குப் போனார்கள். லாரி ஓட்டுநர் முத்தையா அண்ணனின் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அந்த வரிசையில் மாட்டி, தவுக்கே என்று கூப்பிடும் சீன முதலாளியின் காப்பிக்கடைக்கு நேர் எதிரே, லாரிக்குள்ளேயே பிள்ளை பெற்றாள். வெந்நீர் காப்பிக்கடையிலிருந்து வந்தது. தாயும் பிள்ளையும் சுகம். “எம் மக பொறந்த எடம் ஆஸ்பத்திரி இல்லலா, கியூ!” என்று முத்தையா அண்ணன் பிள்ளையைத் தூக்கித் தூக்கிக் காட்டுவார். எல்லாரும் சிரிப்போம். அடுத்தவளுக்கும் அதே அதிர்ஷ்டம் இருக்குமா என்று மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டோம்.

ஊருக்கு வெளியே, ரப்பர்க் காட்டின் ஓரமாக, இரண்டு மைல் சுற்றுச்சாலை. போலீஸ் கேட்டையும் அந்தச் சாலைக்கு நகர்த்திவிட்டால் தெரு பிழைத்துக்கொள்ளும். ஊர் கேட்டது அவ்வளவுதான். பணம் கோலாலம்பூரில் இருந்தது. அந்தக் காலத்துப் பணமெல்லாம் முள்வேலிக்கும் துப்பாக்கிக்கும் போய்க்கொண்டிருந்தது.

நான் டவுன் போர்டில் கடைசி கிராணி, கணக்கெழுதும் எழுத்தர். மலாக்கா டவுனில் வளர்ந்தவன். ரப்பர் மரத்தைப் பஸ் ஜன்னல் வழியாக மட்டும் அறிந்தவன். ஒரு நாளைக்கு எத்தனை லாரி போகிறது என்று எண்ணி அனுப்பச் சொன்னார்கள். காப்பிக்கடை மாடியில் ஒரு வாரம் உட்கார்ந்தேன். காலையிலிருந்து ஊரடங்கு மணி வரைக்கும் ஒரு சக்கரம்கூட என் பென்சிலுக்குத் தப்பவில்லை. அத்தனை நேர்மையான எண்ணிக்கை இந்த நாட்டில் நடந்திருக்காது. பெருமையோடு அனுப்பினேன்.

ஆறு வரியில் பதில் வந்தது. ‘இந்த அளவு போக்குவரத்துக்குப் புதுச் சாலை தேவையில்லை.’

போர்டு உறுப்பினர்களில் ஒருவர் சின்னசாமி முதலாளி. மளிகைக் கடைக்காரர், கோயில் கமிட்டித் தலைவர், ஊரில் எது நடந்தாலும் முன்வரிசையில் நிற்பவர். பதிலைப் படித்துக் காட்டியதும் என் மேசைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“என்னா தம்பி இது, எண்ணிக்க கொறச்சலா இருக்கு? பக்கத்துல ஒரு சைபரப் போடு. யாரு வந்து எண்ணப் போறான்?”

எனக்கும் அது பெரிய பாவமாகத் தோன்றவில்லை. நல்ல காரியத்துக்குத்தானே? டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினேன். அவரை எல்லாரும் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்துக் கிராணியின் மகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதாகோயில் போகிறவர். என்னைவிட ஒரு வயதோ என்னவோ சின்னவர். தட்டச்சு இயந்திரத்திலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் அடிக்கமாட்டேன் சார்.”

“ஊருக்காகத்தான் மிஸ்.”

“ஊருக்காகன்னா ஊரே வந்து அடிக்கட்டும்.” என் எண்ணிக்கைத் தாளை எடுத்துப் பார்த்தார். “இது எந்த மாசத்துல எண்ணுனீங்க?”

“மாசியில.”

மிஸ் கர்த்தரைக் கூப்பிட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “மாசியில மரம் எல உதுத்துடும் சார். பாலே இருக்காது. எங்கப்பாவுக்கு வருசத்துல அந்த ஒரு மாசந்தான் மீச முறுக்க நேரம் கெடைக்கும். பாலு இல்லாத மாசத்துல பாலு லாரிய எண்ணிட்டு வந்திருக்கீங்களே!”

முதலாளி தன் தலையில் அடித்துக்கொண்டார். இருபது வருடமாகத் தோட்டக்காரர்களுக்கு அரிசி விற்கிற அவருக்கே அது தோன்றவில்லை. எனக்குக் காது மடல் எரிந்தது. ஒரு சக்கரம் விடாமல் எண்ணியவன், அண்ணாந்து ஒருமுறை மரத்தைப் பார்க்கவில்லை. ஊரைச் சுற்றி ஆயிரம் ஆயிரம் கிளைகள் வெறுங்கையை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன, இப்போது எண்ணாதே, இப்போது எண்ணாதே என்று.

தம்பிகளே, எண் பொய் சொல்லாது என்று யாராவது உங்களிடம் சொன்னால், எந்த மாதத்து எண் என்று கேளுங்கள்.

மறுபடி எண்ணினேன். இலை தழைத்து, பால் பொங்குகிற மாதத்தில். ஆனால் கடிதத்தை எப்படித் தொடங்குவது? ‘புதிய விவரங்கள் கிடைத்துள்ளன’ என்று மூடி மறைத்து ஒன்று எழுதிப் பார்த்தேன். மிஸ் அதை வாங்கிப் படித்துவிட்டு, “எனக்கு அடிக்கக் கூச்சமில்லாத மாதிரி ஒண்ணு சொல்லுங்க சார்” என்றார். அப்படியானால் சரி என்று உள்ளதைச் சொன்னேன். முதல் எண்ணிக்கை என் தவறு, நான் டவுன்காரன், மரம் இலை உதிர்க்கும் மாதமென்று தெரியாமல் எண்ணிவிட்டேன். மிஸ் ஒரே மூச்சில் தட்டி முடித்தார்.

இரண்டு வாரத்தில் பதில். ‘நேரில் வந்து பார்க்கிறேன்.’ சாலைப் பணத்தைப் பங்கிடும் துரையே கையெழுத்திட்டிருந்தார். உறைமேல் ‘ரகசியம்’ என்று சிவப்பு முத்திரை. பெரிய அதிகாரிகள் வருகிற நேரம் வெளியே தெரியக்கூடாத காலம். காலை பத்து மணிக்கு நான் உறையைப் பிரித்தேன். பத்தரைக்குக் காப்பி குடிக்கப் போனபோது தவுக்கே கேட்டார்: “வெள்ளைக்காரன் செவ்வாய்க்கிழமை வருதா? பால் ஊத்தி குடிக்குமா, கோப்பி ஓ குடிக்குமா?”

செவ்வாய்க்கிழமை காலை நான் சைக்கிளில் தெருமுனை திரும்பினேன். இறங்கினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

அப்படி ஒரு அழகை அந்தத் தெரு அதற்குமுன் கண்டதில்லை. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தென்னங்குருத்துத் தோரணம். தண்ணீர் தெளித்துப் பெருக்கிய தார், வெயிலில் ஆற்று மீன் போல மினுங்கியது. கடை முன் அஞ்சடி நடைபாதையில் எப்போதும் வழிந்துகிடக்கும் கருவாட்டுக் கூடைகளைச் சீனக் கடைக்காரர்கள் உள்ளே இழுத்திருந்தார்கள். மலாய்க்காரர் வீட்டிலிருந்து இரவல் வாங்கிய பூச்சட்டிகள் வரிசை கட்டி நின்றன. நட்டநடுத் தெருவில், லாரிச் சக்கரம் உருள்கிற இடத்தில், ஆறடி அகலத்துக்கு ஒரு கோலம், நடுவில் பூசணிப்பூ. லாரி? ஒன்றுகூட இல்லை. ஒரு சைக்கிள் மணிச் சத்தம்கூட இல்லை. ஒரு குருவி கோலத்து மாவைக் கொத்திக்கொண்டிருந்தது.

சின்னசாமி முதலாளி பட்டு வேட்டியில், கையில் மாலையோடு நின்றார். பின்னால் மிஸ், குறிப்பு நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகம் வெளுத்து.

“முதலாளி... லாரியெல்லாம்?”

“கவலைய வுடு தம்பி! தோட்டத்துச் சந்தியிலேயே ஓரங்கட்டி நிக்கச் சொல்லியாச்சி. ஒண்ணர மைலு தள்ளி. முத்தையாதான் காவலு. தொர போறவரைக்கும் ஒரு சக்கரம் உருளாது.”

“தெரு நெருக்கடியப் பாக்கத்தானே அவர் வர்றாரு!”

“வூட்டுக்கு விருந்தாளி வர்றப்ப அழுக்குத் துணிய வாசல்லயா காயப்போடுவ?”

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, துப்பாக்கிக்காரர்களோடு. நடு ஜீப்பிலிருந்து துரை இறங்கினார். குட்டையான மனிதர். வெயிலில் வெந்த காது. தோரணத்தை நிமிர்ந்து பார்த்தார். கோலத்தை மிதிக்காமல் சுற்றி நடந்தார். முதலாளி மாலை போட்டார். துரை தெருவின் இந்த முனையைப் பார்த்தார், அந்த முனையைப் பார்த்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

“அருமையான தெரு. இதற்கு எதற்குச் சுற்றுச்சாலை?”

முதலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. துரை பாராட்டுகிறார் என்று எண்ணி, தங்கப்பல் தெரியச் சிரித்தார். நான் அவரைத் தூணோரம் இழுத்து, அவர் கேட்டது இன்னதென்று சொன்னேன். அந்த முகம் சுருங்கிய வேகத்தை இப்போது நினைத்தாலும் பாவமாக இருக்கிறது. விடியுமுன் எழுந்து, ஊரையே எழுப்பி, அன்பினாலேயே ஊரின் கழுத்தை நெரித்திருந்தார். ஆனால் அவர் சோர்ந்து உட்கார்கிற ஆளில்லை. மறு நிமிடமே என் காதில் கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுப்பு மூன்று கடைக்குக் கேட்கும்.

“மோசம் போயிட்டோம் தம்பி. ஒண்ணு பண்ணு. நிக்கிற லாரி அத்தனையையும் ஒண்ணா அவுத்துவுடு! தோட்டத்துக் கொட்டகையில ஓடாத பழைய லாரி ரெண்டு கெடக்கு, அதையும் தள்ளிக்கிட்டு வரச்சொல்லு. தொர நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கட்டும். அப்பத்தான் புத்தி வரும்!”

எவ்வளவு இனிப்பான யோசனை! கையசைத்தால் போதும், ஒரு சைக்கிள் பறக்கும், கால் மணி நேரத்தில் தெரு நிறையும். துரை பக்கம் பார்த்தேன். அவர் தவுக்கேயின் கடைமுன் இருந்த பூச்சட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் பக்கம் பார்த்தேன். மிஸ் நோட்டைத் திறந்தார். பென்சிலை எடுத்தார். நான் சொல்லப்போவதை எழுதக் காத்திருந்தார், அவ்வளவுதான்.

“வேணாம் முதலாளி,” என்றேன். “காலையிலேருந்து அடைச்சி வச்சத ஒண்ணா வுட்டா, அதுவும் இந்தத் தோரணம் மாதிரிதான். ஓடாத லாரி வேணாம். ஓடுறது மட்டும், எப்பவும் வர்ற மாதிரி, ஒண்ணு ஒண்ணா வரட்டும். தெருவே அதோட கதைய அதுவே சொல்லும்.”

“அதுக்குள்ள அவன் போயிட்டான்னா?”

“போயிட்டா போயிட்டாரு.”

துரையிடம் போனேன். இந்தத் தெரு இன்று மட்டும் இப்படி. உங்களுக்காக லாரிகளை ஒன்றரை மைலுக்கு அப்பால் நிறுத்தியிருக்கிறார்கள். மரியாதைக்குச் செய்தது, மறைப்பதற்கு அல்ல. வழக்கமான வேகத்தில் அனுப்பச் சொல்கிறேன். காத்திருந்தால் உண்மையைப் பார்க்கலாம். ஆனால் உங்கள் ஜீப்பும் மாட்டிக்கொள்ளும். பாதுகாப்புக்கு நல்லதல்ல என்று தோன்றினால் ஜீப்பை இப்போதே கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள்.

காவலுக்கு வந்த சார்ஜெண்ட் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார், வேண்டாம் என்று. துரை ஜீப்புகளை மட்டும் வெளியே அனுப்பினார். காவலுக்கு நாலு பேரை நிறுத்திக்கொண்டு, காப்பிக்கடைக்குள் போய் உட்கார்ந்தார். தவுக்கே கேட்காமலே பாலில்லாத கோப்பி ஓ வைத்தார்.

லாரிகள் வந்தன. முதல் லாரி முத்தையா அண்ணனுடையது. கோலத்தைப் பார்த்துத் தயங்கி, தலைக்குமேல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அதன்மேல் ஏறினார். கேட்டில் கம்பிக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் குத்த ஆரம்பித்தார்கள். இரண்டாவது லாரி. நாலாவது. எதிர்ப்பக்கமிருந்து அரிசி லாரி. ஏழாவது லாரியின் புகைக்குழாய் தோரணத்துக்கு மை பூசியது. ஒன்பதாவது பூச்சட்டி ஒன்றைச் சாய்த்தது. அதற்குமேல் எண்ண வேண்டியிருக்கவில்லை. ஒலிப்பான்கள், டீசல் புகை, பள்ளிவிட்ட பிள்ளைகள், எருமை வண்டி ஒன்று, ஒட்டுப்பால் வாடை. என் தெரு, என் அழுக்குத் தெரு, முக்கால் மணி நேரத்தில் தன் முகத்தோடு திரும்பி வந்துவிட்டது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

துரை நாற்காலியை விட்டு எழுந்து தெருவுக்கு நடுவிலேயே வந்து நின்று வரிசையின் நீளத்தைப் பார்த்தார். கேட்டில் சோதனை முடிந்து, அப்பால் இருந்த கிட்டங்கியில் சரக்கை இறக்கிவிட்டு, வெறும் லாரியோடு திரும்பி வந்த முத்தையா அண்ணனுக்கு அவரைத் தாண்ட வழியில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். வெள்ளைக்காரனுக்கு என்ன புரியப்போகிறது என்ற தைரியம்.

“யோவ் தொர! ஓரமா நில்லுய்யா! நடுத்தெருவுல மரமாட்டம் நிக்கிற!”

துரை திரும்பினார். நிதானமாக, தமிழில் சொன்னார்:

“நான் மரமா இருந்தா இந்நேரம் நீ பால் எடுத்துப் போயிருப்ப.”

தெரு சிரிப்பில் வெடித்தது. முத்தையா அண்ணன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது சிரிப்பிலா பயத்திலா, தெரியவில்லை. மிஸ் நோட்டால் வாயை மூடிக்கொண்டார். ஜப்பான் சண்டைக்குப் பிறகு பெரிய உத்தியோகத்துக்குப் போகுமுன், துரை ஐந்து வருடம் தோட்டத்தில் சின்னத் துரையாக, உதவி மேலாளராக, இருந்தவராம். விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் களத்தில் கற்ற தமிழ். எல்லாமே வா, போ, எடு, நில்.

அப்படியானால் தூணோரத்துக் கிசுகிசுப்பு? எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதலாளிக்கு எனக்கு முன்பே உறைத்திருந்தது. பட்டு வேட்டி ஒன்று மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் மெல்ல மறைந்துகொண்டிருந்தது.

“மொதலாளி!” துரை கூப்பிட்டார். “கொட்டகையில ரெண்டு பழைய லாரி. எங்க? தள்ளிக்கிட்டு வா!”

“ஐயோ தொர, அது... அது பேச்சுக்குச் சொன்னதுங்க!”

“தெரியும். தம்பி வேணாம்னு சொன்னான். அதும் கேட்டேன்.” என் பக்கம் திரும்பினார். “மாசியில எல உதிரும். கோலாலம்பூர் ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். உன் கடுதாசி படிச்சேன், சிரிச்சேன். வந்தேன்.”

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். வேறொரு கடிதம் எழுதியிருந்தால், வேறொரு யோசனைக்குத் தலையாட்டியிருந்தால், என்று நினைத்து நான் பலமுறை வியர்த்திருக்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியும் என்பதால் நான் நேர்மையாக இருக்கவில்லை. தெரியாது என்று நினைத்துத்தான் இருந்தேன். உங்கள் மேசைக்கும் ஒரு நாள் இனிப்பான யோசனை வரும். ஊர் நன்மைக்கென்று பட்டு உடுத்திக்கொண்டு வரும். அன்றைக்கு என்ன செய்வதென்று எனக்குச் சொல்லத் தெரியாது. மிஸ் அதை டைப் அடிப்பாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் முப்பது வருடம் அப்படித்தான் காலத்தை ஓட்டினேன். மிஸ்ஸும் பிறகு தலைமை எழுத்தராகி, எனக்கே மேலதிகாரியாக ஓய்வு பெற்றார். அதுதான் நியாயம்.

பணம் உடனே வந்துவிடவில்லை. இன்னும் ஒரு கட்டுக் கடிதம் போனது. கேட்டது முழுவதும் கிடைக்கவும் இல்லை. சாலை நாங்கள் வரைந்ததைவிட ஒடுக்கமாகவே வந்தது. ஆனால் வந்தது. ஊரடங்கு தளர்வதற்கு முன்பே வந்துவிட்டது. நியாலாஸ் பக்கம் போகும்போது ரப்பர்க் காட்டை ஒட்டி வளைந்து வளைந்து போகிறீர்களே, அதுதான்.

அன்று பகல் ஒரு மணிக்குத் துரை கேட்டுக்கு நடந்தே போனார். வரிசையில் நின்ற லாரிக்காரர்களெல்லாம் அவருக்கு சலாம் வைத்தார்கள். அவரும் பெரட்டுக்களத்து நினைவில் ஒவ்வொருவரையும் எண்ணிக்கொண்டே போனது போலிருந்தது. கழுத்தில் வாடிய மாலை, சட்டையில் லாரிகள் கிளப்பிய கோலமாவு. நானும் முதலாளியும் மிஸ்ஸும் பின்னாலேயே போனோம். ஜீப்பில் ஏறிய பிறகு, பணம் தருவது என் கையில் மட்டும் இல்லை, ஆனால் பார்த்ததை எழுதுவேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். முதலாளிக்கு நான் மொழிபெயர்த்தேன். முதலாளி கையைப் பிசைந்தபடி, “தொர, ரோடு வந்தா நீங்கதான் வந்து தொறந்து வைக்கணும், ஊரே கூடி...” என்று தொடங்கினார்.

துரை கையை உயர்த்தினார். எஞ்சின் உறுமியது. அதற்குமேல் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

“வர்றேன். தோரணம் கட்டு, பரவாயில்ல. ஆனா மொதல்ல லாரிய வுடு. பொறவு என்னைக் கூப்பிடு.”